காற்றுக்கும் பில் போடுவார்களா?

கேள்வி: தண்ணீர் மீட்டர் மேல் வைத்தால் ஓட்டம் குறையும் என்று ஒரு காந்தம் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது திருட்டு, பிடிபட்டால் அபராதம், இணைப்பும் போகும். பில்லைப் பாதியாக்கும் என்று சொல்லி விற்ற குழாய் முனை ஒன்றை நானும் வாங்கினேன். அழுத்தம் குறைந்த குழாயில் அது சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது, விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவே இல்லை.

கேள்வி: தண்ணீர் விடும் நாளில் முதலில் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. அப்போதும் மீட்டர் சுற்றுகிறது. அதற்கும் காசா?

பதில்: ஆமாம். வீட்டு மீட்டர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது, தள்ளுவது நீரா காற்றா என்று அதற்குத் தெரியாது. காற்றை வெளியேற்றும் வால்வைத் தெருக்குழாயிலேயே வைக்க வேண்டியது விநியோகிப்பவர்கள் பொறுப்பு, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து எழுதிக் கேளுங்கள். அதுவரை மீட்டர் பக்கத்து வால்வை மூடி வைத்து, தண்ணீர் வந்த பிறகு திறங்கள்.

கேள்வி: ஐந்து மாதம் ரீடிங் எடுக்க யாரும் வரவில்லை, சராசரி பில்தான் வந்தது. ஆறாவது மாதம் மொத்தத்தையும் ஒரே பில்லாகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

பதில்: சகோதரி, அப்படியே கட்டிவிடாதீர்கள். அடுக்குக் கட்டணத்தில் முதல் சில ஆயிரம் லிட்டர் மலிவு, மேலே போகப் போக லிட்டருக்கு விலை ஏறும். மாதம் 8,000 லிட்டர் செலவாகும் வீடு கீழ் அடுக்கிலேயே இருக்க வேண்டியது. ஆறு மாதத்தை ஒரே மாதம் போலக் கணக்கிட்டால் 48,000 லிட்டர் ஆகி உச்ச அடுக்கில் போய் நிற்கும். நீங்கள் ஒரு குடம் கூட அதிகம் பிடிக்கவில்லை. வராதது அவர்கள் ஆள், தண்டம் கட்டுவது நீங்கள் என்றால் என்ன நியாயம்? ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருக்கும் இடத்திலும் இதே அநியாயம்தான், சிக்கனமாக இருக்கிற நாலு ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து கணக்கில் ஒரே ஊதாரி வீடாகத் தெரிகின்றன. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஆறு மாதத்துக்கும் பிரித்து, மாதாமாதம் அடுக்கு போட்டு, ஏற்கெனவே கட்டிய சராசரித் தொகையைக் கழித்துத் தரும்படி எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். வழக்கமான தொகையை மட்டும் கட்டி ரசீது வையுங்கள். இனி மாதாமாதம் ஒரே தேதியில் மீட்டரைப் படம் எடுங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் கணக்கு, சிவப்பு அதற்கும் கீழே.

கேள்வி: புது வீடு வாங்கினேன். பழைய ஆள் வைத்த தண்ணீர் பாக்கி என் தலையில். என்ன செய்ய?

பதில்: பத்திரத்துக்கு முன்னால் கடைசி பில்லைக் கேட்டிருக்க வேண்டும், சார். தரை பளபளப்பைப் பார்த்தவருக்கு இது தோன்றவில்லையா? விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள், ஒப்பந்தத்தில் பாக்கி பற்றி வரி இருந்தால் பிடி கிடைக்கும்.

கேள்வி: வெளியூர் போயிருந்த மாதமும் பில் குறையவில்லை.

பதில்: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் கசிவு. முதலில் கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயம் விடுங்கள், தண்ணீர் விடாமலே கோப்பையில் நிறம் தெரிந்தால் அங்கேதான்.