எங்கே நின்றால் கிதார் கேட்கும்?

வாசகர் கேள்விகள்: திறந்தவெளி ராக் கச்சேரி

பெங்களூரு நைஸ் மைதானத்தில் ஞாயிறு மாலை கச்சேரி. காவேரிப்பட்டணத்திலிருந்து காரில் போய் இரவே திரும்ப முடியுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

முடியும். ஆனால் காரை மைதானம் வரை கொண்டுபோகாதீர்கள். அந்த இடம் தும்கூர் சாலையில், மாதவரா பக்கம், நமக்கு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் ரோட்டில் ஏறினால் நகருக்குள் நுழையாமலே போய்விடலாம், போகும்போது சுகம்தான். திரும்பும்போது பார்க்கிங்கை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு 120 கி.மீ.க்கு மேல் தூக்கக் கண்ணோடு ஓட்ட வேண்டும். பைக்கில் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நைஸ் ரோட்டில் இரவு 10 முதல் காலை 5 வரை இருசக்கர வாகனங்களை விடுவதில்லை.

2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ தொடங்கிய பிறகு நமக்கு நல்ல வழி பிறந்திருக்கிறது. பஸ்ஸில் பொம்மசந்திரா வரை போய் மெட்ரோ ஏறுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மாதவரா நிலையத்தில் இறங்கலாம். மாறும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வார விடுமுறை முடிந்து பெங்களூரு திரும்பும் வண்டிகள் ஞாயிறு மாலை அத்திப்பள்ளியிலேயே தேங்கும். அதனால் பகல் 12 மணிக்குள் கிருஷ்ணகிரியைத் தாண்டிவிடுவது நல்லது.

திரும்புவதற்கு மெட்ரோ ஸ்மார்ட் கார்டை முன்கூட்டியே வாங்கிப் பணம் ஏற்றி வையுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போனை எடுக்கும் இடத்தில் நெட்வொர்க் கிடைக்காது, கியூஆர் டிக்கெட் திறக்காது. டோக்கன் வரிசையோ நிலையத்துக்கு வெளியே வரை நீளும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளதால் கச்சேரி பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். கடைசி ரயில் நேரத்தை அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டில் இறங்கினால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பஸ்கள் இரவிலும் கிடைக்கும்.

அதிக விலை கொடுத்து மேடையை ஒட்டி நின்றால்தான் நன்றாகக் கேட்குமா?
– வாசகர், பாலக்கோடு

முகம் நன்றாகத் தெரியும், பாட்டு தெளிவாகக் கேட்காது. மேடையின் இருபுறமும் உயரத்தில் தொங்கும் ஒலிபெருக்கி வரிசை கூட்டத்தின் நடுப்பகுதியைக் குறிவைத்துத் திருப்பப்பட்டிருக்கும். தடுப்புக் கம்பியருகே நிற்பவரின் தலைக்கு மேலே அந்த ஒலி போய்விடுகிறது. அவருக்குக் கிடைப்பதெல்லாம் டிரம்ஸின் நேரடிச் சத்தமும், காலடியில் வைத்த, தாழ்ந்த பாஸ் ஒலியைத் தரும் சப்வூஃபர் பெட்டிகளின் அதிர்வும்தான். முன்வரிசைக்கென்று சிறிய பெட்டிகள் வைப்பார்கள். அவற்றாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

மேடைக்கு எதிரே 30, 40 மீட்டர் தள்ளி ஒரு கூடாரம் இருக்கும். எல்லா ஒலிகளையும் கலந்து அளவு வைக்கும் மிக்ஸிங் டெஸ்க் அங்கேதான். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் ஒவ்வொரு கருவியையும் ஏற்றி இறக்குகிறார். ஆகவே அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னே நில்லுங்கள். சரியாக மையக்கோட்டில் நின்றால் இருபுறச் சப்வூஃபர்களின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பாஸ் பெருத்துவிடும். குரலை அது மூடினால் நாலைந்து அடி பக்கவாட்டில் நகருங்கள், உடனே வித்தியாசம் தெரியும். அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் 1999 முதல் மூன்று கிதார்கள். ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக் கேட்க இந்த இடத்தை விட்டால் வேறு இடமில்லை. ஓரமாக நின்றால் ஒரு பக்க ஒலிபெருக்கியே காதை நிரப்பிவிடும்.

முதல் இரண்டு பாட்டை வைத்து ஒலியைக் குறை சொல்லாதீர்கள். மைதானம் காலியாக இருந்தபோது சரிபார்த்த ஒலி அது. மனித உடல்களும் உடைகளும் மேல் ஸ்தாயியை உறிஞ்சுவதால் கூட்டம் நிறைந்த பிறகு பொறியாளர் திருத்திக்கொண்டே வருவார். திரையில் டிரம்மரின் குச்சி அடிப்பது தெரிந்து, சற்றுப் பிறகே டிரம்ஸ் கேட்டாலும் கோளாறு இல்லை. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் அளவில்தான் ஓடுகிறது, 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு 0.3 விநாடி தாமதம்.

பத்து வயது மகனை அழைத்துப்போகலாமா? காதில் பஞ்சு வைத்தால் போதுமா?
– வாசகி, தர்மபுரி

முதலில் டிக்கெட்டில் வயது வரம்பைப் பாருங்கள். பஞ்சு போதவே போதாது. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் கச்சேரியில் 100 சாதாரணம். பையனுக்குத் தலையில் மாட்டும் காதுக்கவசம் வாங்குங்கள், அவன் கழற்றினாலும் உங்களுக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் போதும். விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேல்நோக்கி இழுத்துச் செருகி, விரிந்து அடையும் வரை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பலர் வெறுமனே திணித்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். ஃபோம் மேல் ஸ்தாயியை அதிகம் வெட்டுவதால் பாட்டு மந்தமாகத் தெரியும். எல்லா ஸ்தாயியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும், வடிகட்டி வைத்த சிலிகான் அடைப்பான் இசைக்கு மேலானது. மறுநாளும் காதில் இரைச்சல் நிற்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.

ஆல்பத்தோடு கிதார் வாசித்தால் பொருந்துகிறது, அதே குழுவின் மேடை வீடியோவோடு பொருந்தவில்லை. வயதாகிவிட்டதால் ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஓசூர்

ஏமாற்றவில்லை, சுருதியை இறக்கியிருக்கிறார்கள். ஆல்பத்தில் 3 கட்டையில் இருந்தது மேடையில் இரண்டரைக் கட்டையில் இருக்கும். மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவினர் பல ஆண்டுகளாக மேடையில் அரைக்கட்டை இறக்கித்தான் வாசிக்கிறார்கள். இருபது வயதில் எட்டிய உச்சத்தை அறுபதில், அதுவும் ஊர் ஊராகப் பாடும் குரலிடம் கேட்பது கொடுமை. இறக்கிப் பாடி முழுக் கச்சேரியையும் காப்பாற்றுவதே நேர்மையான வழி. 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூரு வந்தபோது டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு வயது 61. வயதைப் பார்த்து டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கிதாரில் ஆறு தந்திகளையும் அரைக்கட்டை இறக்குங்கள். இறக்கினால் தந்தி தளர்ந்து ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியில்) தட்டி இரையும். 9 எண் மெல்லிய தந்தியில் தொடங்கும் செட் போட்டிருந்தால், சற்றுத் தடித்த 10-க்கு மாறுங்கள். ஆல்பத்தோடு வாசிக்க வேண்டும்போது முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டால் பழைய சுருதி வந்துவிடும், மறுபடி முறுக்க வேண்டாம்.

மழை வந்தால்?
– வாசகி, அரூர்

குடையை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தலைவழியாகப் போடும் மெல்லிய மழை அங்கி கொண்டுபோங்கள், போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று. டிசம்பர் என்றால் மழை குறைவு, குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம். காலுக்கு ஷூ. செருப்பு சேற்றில் கழன்றால் அந்த நெரிசலில் குனிந்து தேட முடியாது.