கேள்வி – பதில்: நடுவில் இறுகாத ஜெல்

கேள்வி: எலும்புக் கலங்கள் பற்றி வளர்வதற்கான சாரமாக (தாங்கு சட்டமாக), கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றின் 2% கரைசலில், எலும்பின் கனிமமான ஐதரொட்சிஅபடைட்டின் தூளைக் கலந்து அச்சில் ஊற்றி, கல்சியம் குளோரைட்டில் அமிழ்த்துகிறேன். மேலே தோல்போல இறுகுகிறது, நடு கூழாகவே கிடக்கிறது. தூளும் அடியில் படிகிறது. ஏன்?
– ஆய்வு மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: கல்சியம் அயன் தொட்ட இடத்திலேயே அல்ஜினேற்றுச் சங்கிலிகளைப் பிணைத்துவிடும். தோல் தடித்தபின் உள்ளே நுழைவது மிக மெதுவாகத்தான். செறிவைக் கூட்டினால் தோல் இன்னும் தடிக்குமே தவிர நடு இறுகாது. கல்சியத்தைக் கரைசலுக்குள்ளேயே வைத்து மெல்ல விடுவியுங்கள்.

100 மில்லிலீற்றர் கரைசலுக்கு நுண்ணிய கல்சியம் காபனேற்று 0.3 கிராம், குளுக்கோனோ டெல்ற்றா லக்டோன் 1.07 கிராம். லக்டோன் நீரில் மெல்ல அமிலமாகும்; அந்த அமிலம் காபனேற்றைக் கரைத்துக் கல்சியத்தை விடுவிக்கும். மூல் விகிதம் 1:2. லக்டோன் கூடினால் ஜெல் அமிலமாகிக் கலங்கள் சாகும். காபனேற்றை முதலில் கலந்துவிடுங்கள். லக்டோனைக் கடைசியில் சிறிது நீரில் கரைத்து உடனே சேர்க்க வேண்டும். முன்கூட்டிக் கரைத்து வைத்தால் போத்தலிலேயே அமிலமாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: மெதுவாக இறுகும் ஜெல்லில் தூள் படியவும் நேரம் கிடைக்கும். தூளை நீரில் மீயொலியால் கட்டியில்லாமல் பிரித்து, பிறகு அல்ஜினேற்றில் சேருங்கள். கலவை பாணிபோலத் தடிக்கத் தொடங்கும்போது அச்சில் ஊற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் கழுவாதீர்கள். பொசுபேற்று கல்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், ஜெல் இளகிவிடும். சில மில்லிமூலர் கல்சியம் குளோரைட்டு கலந்த உப்புக் கரைசல் நல்லது.

துளைகளுக்கு, உறையவைத்து உலர்த்துங்கள். –20 பாகையில் மெல்ல உறைந்தால் பனிப்பளிங்குகள் பெருத்து, துளையும் பெருக்கும். கலங்கள் நுழைய 100 மைக்ரோமீற்றராவது வேண்டும். குருதிக்குழாய்கள் வளர 300ஐத் தாண்டினால் நல்லது. அல்ஜினேற்றில் கலங்கள் தாமாக ஒட்டாது என்பதால் ஜெலற்றினும் சேருங்கள்.

கேள்வி: இறால் கோதிலிருந்து இந்த வேலைக்குக் கைட்டோசான் எடுக்கலாமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: எடுக்கலாம். காய்ந்த கோதைப் பொடித்து, 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் குமிழி அடங்கும்வரை வையுங்கள், சுண்ணாம்பு போய்விடும். பிறகு 1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கினால் புரதம் கழியும். கடைசியாக, எஞ்சும் கைற்றின் என்ற பொருளைக் கைட்டோசானாக மாற்ற, 40 முதல் 50 வீத ஐதரொட்சைட்டில் ஏறத்தாழ 100 பாகையில் சூடாக்க வேண்டும். தெறித்தால் கண்ணைப் பறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். நன்றாகக் கழுவியபின் 1% அசெற்றிக் அமிலத்தில் போட்டுப் பாருங்கள். கரையாமல் துகள் மிதந்தால் கடைசிப் படி போதவில்லை. வகுப்புச் சோதனைக்கு இது தாராளம். கலங்களை வைக்கும் சாரத்துக்கோ மிச்சப் புரதமும் பற்றீரிய நச்சும் இடைஞ்சல், ஆகவே மருத்துவத் தரக் கைட்டோசானையே வாங்குங்கள்.