பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

நீங்கள் எழுதிய கடிதத்தில் இரண்டு மனக்குறைகளைச் சொல்லியிருந்தீர்கள். கூடைப்பந்து அணியில் சேர்த்துவிட்டு மகளைப் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள் என்பது ஒன்று. பிளஸ் ஒன் படிக்கிற பெண் கையை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. பெஞ்ச், உடைந்த கை, இந்த இரண்டும் ஒரே ஆளின் வாழ்க்கையில் வருகின்றன. அதனால் உங்களுக்கு ஸ்பெயின் கூடைப்பந்து வீராங்கனை அமாயா வால்டெமோரோவைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

மாட்ரிட்டை ஒட்டிய அல்கோபெந்தாஸ் ஊர்க்காரர். 1976-ல் பிறந்தவர். 1998-ல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கில் ஹூஸ்டன் காமெட்ஸ் அணி மூன்றாவது சுற்றில் அவரை எடுத்தது. அந்த அணி 1998, 1999, 2000 என்று வரிசையாக மூன்று ஆண்டுகளும் கோப்பையை வென்றது. மூன்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த அணியின் நட்சத்திரங்களான சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்ப்சன். அவர்களை உட்கார வைத்துவிட்டு இவரை இறக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனசு வராது.

அந்த நாட்களில் சொந்தக்காரர் யாராவது "எத்தனை பாயின்ட் அடிச்சா?" என்று கேட்டிருந்தால் வீட்டில் பதில் இருந்திருக்காது. (நம் வீடுகளிலும் முதல் கேள்வி அதுதானே!) ஆனால் பயிற்சியில் தினமும் எதிரே நின்றவர்கள் உலகத்திலேயே சிறந்தவர்கள். அதே பெண்தான் பிறகு பல ஆண்டுகள் ஸ்பெயின் தேசிய அணியைத் தோளில் சுமந்தார். 2010 உலகப் போட்டியில் அந்த அணி வெண்கலம் வென்றது.

அதனால் பயிற்சியாளரிடம் போய் "ஏன் இறக்கவில்லை?" என்று சண்டை போடாதீர்கள். "பயிற்சியில் என் மகள் யாருக்கு எதிராக ஆடுகிறாள்?" என்று கேளுங்கள். தன்னைவிடக் கெட்டிக்காரிகளோடு தினம் மோதுகிறாள் என்றால் அந்தப் பெஞ்சில் இன்னும் ஒரு வருஷம் தாராளமாக உட்காரட்டும். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறாள் என்றால் அணியை மாற்றுங்கள். ஆட்டத்தையே விடச் சொல்லாதீர்கள்.

இனி உடைந்த கை. 2011 கடைசியில், ஸ்பெயினின் ரிவாஸ் கிளப் அணிக்கு ஆடும்போது விழுந்ததில் வால்டெமோரோவுக்கு இரண்டு மணிக்கட்டும் உடைந்தன. வயது 35. கூடைக்குப் பந்தை எறிகிறவர்களுக்கு மணிக்கட்டுதான் மூலதனம். கடைசி நொடியில் அதை மடக்கி விடுவதில்தான் பந்துக்குச் சுழற்சியே வரும். இரண்டு கையும் கட்டுக்குள் போனால் பந்தை விடுங்கள், தலை வாரக்கூட இன்னொருவர் வேண்டும். அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் திரும்பி வந்தார். 2013-ல் ஐரோப்பியப் போட்டி இறுதி ஆட்டத்தில் பிரான்ஸை அதன் சொந்த மண்ணிலேயே 70-69 என்று ஸ்பெயின் வென்றபோது அவரும் அணியில் இருந்தார். அத்தோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார்.

இதைச் சொல்வதால் எல்லோருக்கும் இப்படித் திரும்பி வர முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் இந்த ஆட்டத்தில் நான் கையைவிட முழங்காலுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஸ்பெயினின் இன்னொரு வீராங்கனை ஆல்பா டோரன்ஸுக்கும் அதே 2011 கடைசியில் அதுதான் நடந்தது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்கப் பழக்கினால் ஆபத்து குறையும். உங்கள் மகளின் வார்ம்-அப்பில் அது இருக்கிறதா என்று ஒருநாள் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள்.

சம்பளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், நிலையான வேலை என்று இதைச் சொல்ல மாட்டேன். அமெரிக்க லீக் கோடையில் சில மாதங்கள்தான். ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரை. அதனால் வருஷம் முழுக்க ஆடி, நல்ல பணம் வந்த ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போனவர்கள் நிறையப் பேர். வால்டெமோரோவும் ரஷ்யாவில் சமாராவிலும் மாஸ்கோவிலும் ஆடியவர்தான். ஆட்டம் முடிந்ததும் அவர் தொலைக்காட்சியில் கூடைப்பந்து வர்ணனையாளர் ஆனார். ஆட்டத்தைப் பார்த்து, புரிந்து, வாயால் சொல்லத் தெரிவது தனித் திறமை. பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்பது என் எண்ணம்.

பரீட்சைக்கு முந்தைய ஒரு மாதம் போட்டிகள் வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள். மோதல் இல்லாமல் தனியாகக் கூடைக்கு எறிந்து பழகுவதை நிறுத்த வேண்டாம், மாலையில் அரை மணி நேரம் போதும். படிப்பில் எந்தப் பிரிவு என்றும் கேட்டிருந்தீர்கள், அதை நீங்களும் நானும் மட்டும் பேசி முடிவு செய்ய முடியாது. அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். முதல் பதினைந்து நிமிடம் நீங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும், பரவாயில்லையா சார்? வெளியேயும் பெஞ்ச்தான் போட்டிருக்கிறோம்.