எந்தக் காட்சின்னு சொல்லுங்க!

சமீபத்துல பாத்த படத்தப் பத்தி எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், கடிதம் குவிஞ்சிருச்சு. ஆனா பாதிப் பேரு 'செம', 'மொக்க', 'வேற லெவல்'னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்டாங்க. எந்த எடத்துல அப்படித் தோணுச்சுன்னு சொன்னாத்தானே மேல பேச முடியும்? அதனால காட்சியோட எழுதுனவங்களுக்குத்தான் இந்தத் தடவ முதல் எடம்.

கேள்வி: அண்ணே, 'மெய்யழகன்' கல்யாண மேடை சீன்ல நான் அழுதுட்டேன். கூட வந்த ஃப்ரெண்டு சரியான இழுவைன்னு போன நோண்ட ஆரம்பிச்சுட்டான். வெளிய வந்து ஒரே சண்ட. யார் சொல்றது சரி?

பதில்: நான் உங்க கட்சி. 2024 செப்டம்பர்ல அந்தப் படம் வந்தப்போ கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஓடுச்சு, உங்க ஃப்ரெண்டு மாதிரியே நெறைய பேர் நீளம் நீளம்னு சொன்னதுல ரிலீஸான சில நாள்லயே சுமார் 18 நிமிஷத்த வெட்டிட்டாங்க. எனக்கு அதுல வருத்தம்தான். ஏன்னா கதையோட முடிச்சே என்ன, ஒருத்தன் (கார்த்தி) அத்தான் அத்தான்னு உசுர விடறான், அரவிந்த்சாமிக்கு அவன் பேரு கூட ஞாபகம் வரல, அதக் கேக்கவும் வாய் வரல. அந்தச் சங்கடம் பத்து நிமிஷத்துல ஏறாது. சேந்து சாப்பிட்டு, விடிய விடிய பேசி, அவன் பாசம் ஏற ஏறத்தான் அரவிந்த்சாமிக்குள்ள குற்ற உணர்ச்சியும் ஏறும், அப்பத்தான் சொல்லிக்காம கொள்ளாம அவரு கிளம்பி ஓடறது நமக்கும் வலிக்கும். நீங்க சொன்ன மேடை சீனும் அப்படித்தான். கல்யாணப் பொண்ணான தங்கச்சி, அரவிந்த்சாமி குடுத்த பரிசுப் பெட்டிய மேடையிலயே பிரிச்சு, உள்ள இருக்கற நகைய எடுத்து அங்கயே போட்டுக்குது, பின்னாடி வரிசையில ஆளுங்க நிக்கறத அது கண்டுக்கவே இல்ல. வேற டைரக்டரா இருந்தா ரெண்டு ஷாட்ல முடிச்சிருப்பாங்க, பிரேம்குமார் அவசரப்படல. ஆனா ரெண்டாவது பாதியில போர், வரலாறுன்னு கார்த்தி நீளமா பேசற எடத்துல, பேசறது அந்தக் கேரக்டர் இல்ல டைரக்டர்தான்னு எனக்கும் தோணுச்சு. உங்க ஃப்ரெண்டு எந்த எடத்துல போன எடுத்தாருன்னு கேட்டு எழுதுங்க, அங்கயா இருந்தா அவர் பக்கமும் ஞாயம் இருக்கு.

கேள்வி: 'மகாராஜா' பாக்கப் போற முந்தின நாளு ஒருத்தன் முழு சஸ்பென்ஸையும் சொல்லித் தொலச்சுட்டான். இனி பாக்கலாமா வேணாமா?

பதில்: தாராளமா பாருங்க. கடைசித் திருப்பம் தெரிஞ்சிருச்சுன்னா டைரக்டர் நித்திலன் எந்தச் சம்பவத்த எங்க கொண்டு போய் வச்சிருக்காரு, காலத்த எப்படிக் கலச்சுப் போட்டிருக்காருன்னு நிதானமா கவனிக்கலாம், குப்பத்தொட்டிக்காக விஜய் சேதுபதி ஸ்டேஷன்ல வந்து நிக்கற மொதக் காட்சியே உங்களுக்கு வேற அர்த்தத்துல தெரியும். ஆனா சொன்னவரு செஞ்சது தப்புதான், அதுல மாத்துக் கருத்தே இல்ல.

கேள்வி: 'கொட்டுக்காளி'ல பின்னணி இசையே இல்ல, கத முடியவும் இல்ல. லைட்டப் போட்டதும் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இதெல்லாம் அவார்டுக்கு எடுக்கற படம்தானே? சூரிக்கு ஏன் இந்த வேல?

பதில்: உங்க கோவம் புரியுது, ஆனா இந்தப் படத்துக்காக நான் சண்ட போடுவேன். டைரக்டர் பி.எஸ்.வினோத்ராஜோட முந்தின படம் 'கூழாங்கல்' 2021ல ராட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு, இந்தப் படம் பெர்லின் விழாவுக்குப் போச்சு, அதனாலயே விழாவுக்குன்னு எடுத்ததுன்னு ஒரு முத்திரை விழுந்துருச்சு. ஆனா கதையில யாரு இருக்கா? ஆட்டோவுல ஒரு குடும்பம், பேய் புடிச்சிருக்குன்னு சொல்லி ஒரு பொண்ணக் கூட்டிட்டுப் போறாங்க, அவ்ளோதான். நமக்குத் தெரியாத ஆளு அதுல ஒருத்தரும் இல்ல. இசை இல்லன்னு சொல்றீங்க, சத்தம் எவ்ளோ இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க, ஆட்டோ சத்தம், சேவலு, கட்டிப்போன தொண்டையோட சூரி கத்தறது. அந்தப் பொண்ணா வர்ற அன்னா பென் வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கறப்போ கீழ வயலினும் ஓடியிருந்தா, இந்தப் பொண்ணப் பாத்து இப்ப பரிதாபப்படுன்னு நமக்கு உத்தரவு போட்ட மாதிரி ஆயிருக்கும். அவ பாவமா, பிடிவாதமா, தைரியசாலியான்னு நாமளே பாத்து முடிவு பண்ண விட்டுட்டாங்க.

வழியில ஒரு மாடு குறுக்க நிக்கும் பாருங்க, வீரம் பேசிட்டு வந்த அத்தன ஆம்பளைங்களும் கிட்டப் போகப் பயந்து நிப்பாங்க, எங்கிருந்தோ ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமா அத ஓட்டிட்டுப் போயிரும். யாரும் வசனம் பேசல. இந்தக் கூட்டத்தோட மொத்த வீறாப்பும் எவ்ளோன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு. முடிவு இல்லன்னு சொல்றீங்களே, பூசாரி இன்னொரு பொண்ண என்ன பண்றான்னு சூரி பாக்கறாரு, அவரு மொகத்துல தெரியுதே ஒரு மாத்தம், அதுக்கப்புறம் அவரு உள்ள போனாரா திரும்புனாரான்னு முடிவு பண்ற வேலைய நம்மகிட்ட குடுத்துட்டாங்க. நீங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டதா எழுதியிருக்கீங்க, அந்தக் கேள்வி உங்களையும் தொட்டுருச்சுன்னுதான் நான் எடுத்துக்கறேன். சூரிக்கு ஏன் இந்த வேலையா? 'வெண்ணிலா கபடிக்குழு' பரோட்டா காமெடியிலயே அவர நிறுத்தி வச்சது நாமதான். அதத் தாண்டி ஒருத்தர் வந்தா கைதட்டி அனுப்பணும்.

கேள்வி: எனக்கு கிரிக்கெட்னா சுத்தமா ஆகாது. வீட்டுக்காரர் 'லப்பர் பந்து' பாக்கலாம்னு உசுர வாங்கறாரு. போகலாமா?

பதில்: போங்கம்மா. மேட்ச் எல்லாம் புரியலன்னாலும் பரவால்ல. 'கெத்து'ங்கற பேர்ல வர்ற அட்டகத்தி தினேஷும் அவரு சம்சாரமா வர்ற சுவாசிகாவும் பேசாம இருந்துக்கற காட்சிகளப் பாருங்க, கிரவுண்டுல கெத்தா நிக்கற மனுசன் வீட்டுல அந்தம்மா மொகத்த நிமிந்து பாக்க முடியாம தவிக்கறாரு. மாமன் மருமகன் ஈகோவ வச்சு ஆரம்பிச்சு, எந்த சாதிக்காரன் எந்த டீம்ல ஆடலாங்கற வரைக்கும் படம் போயிருது, ஆனா எங்கயும் பாடம் எடுக்கல.

கேள்வி: 2004ல வந்த 'கில்லி'ய 2024ல திரும்பத் தியேட்டர்ல போட்டு அந்தக் கூட்டம்! புதுப் படத்துக்கு ஏன் சார் அப்படி இல்ல?

பதில்: அங்க போனவங்க கத கேக்கப் போகல, மனப்பாடமா இருக்கற வசனத்தக் கூட்டமா சொல்லப் போனாங்க. அது திருவிழா. புதுப் படத்துக்கிட்ட அதக் கேக்கறது ஞாயமில்ல, அதுக்கும் இருபது வருஷம் குடுங்க.

கேள்வி: மொத ஷோ முடியறதுக்குள்ள ரிவ்யூ வந்துருது. அதப் பாத்துட்டுப் போறது நல்லதா?

பதில்: நான் பாக்கறதில்ல. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தப்போ ஓடல, இன்னிக்கு அதக் கொண்டாடாத ஆள் கம்மி. படம் அதேதான், ஒரு ஃப்ரேம் மாறல. மொத நாள் தீர்ப்ப நம்பி அன்னிக்குப் போகாதவங்களுக்குத்தான் பெரிய திரையில அத விட்ட நஷ்டம்.

கேள்வி: நான் ரஜினி ரசிகன், வயசு 19. அவரோட பழைய படம் ஒண்ணு சொல்லுங்க, மாஸ் இல்லாம.

பதில்: 'முள்ளும் மலரும்', 1978. மகேந்திரன் டைரக்ட் பண்ணுன மொதப் படம், கேமரா பாலு மகேந்திரா. விஞ்ச் (மலையில ஏத்தி இறக்கற இழுவை வண்டி) ஓட்டற காளியா ரஜினி. தங்கச்சி மேல உசுரு, மேல இருக்கற இன்ஜினியர் மேல தீராத கோவம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதறதுதான் கத. நல்லவனா கெட்டவனான்னு சொல்லவே முடியாத ஒரு முரட்டு ஆள அவ்ளோ சின்ன வயசுல எப்படிப் புடிச்சாரு மனுசன்னு பாருங்க. முக்கியமா, ஒரு கை போனதுக்கப்புறம் அவரு நிக்கறதும் நடக்கறதும் எப்படி மாறுதுன்னு கவனிங்க, பாத்துட்டு எந்தக் காட்சின்னு எழுதுங்க.