திரும்பித் திரும்பிப் பார்த்த பையன்

அன்புள்ள அக்கா,

நான் கோலாலம்பூர் கெப்போங்கில் இருக்கிறேன். ஏர்கோன் பழுது பார்க்கும் வேலை. உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன சனிக்கிழமை, 2022 அக்டோபர் 22ஆம் தேதி, பதினோரு வயது மகனை அழைத்துக்கொண்டு புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போனேன். ஆசியக் கிளப் அணிகளுக்கான ஏஎஃப்சி கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம், கோலாலம்பூர் சிட்டிக்கும் ஓமானின் அல் சீப் அணிக்கும். தீபாவளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வீட்டில் முறுக்கு பிழிய ஆளில்லை என்று மனைவிக்குக் கோபம். ஆனால் பையன் இரண்டு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தான். கொல்கத்தாவில் மோகன் பகானை 3-1 என்று ஜெயித்தது, உஸ்பெகிஸ்தானின் சோக்டியானாவைப் பெனால்டியில் வென்றது எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நம் ஊரிலேயே இறுதியாட்டம் என்றால் விடுவானா?

0-3 என்று தோற்றோம். ஆட்டம் முடியும் முன்பே, இனி ஒன்றும் ஆகாது, கூட்டத்துக்கு முன்னால் ரயிலைப் பிடிப்போம் என்று அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். எல்ஆர்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

தீபாவளி அன்று என் மனைவியின் பெரியப்பா வீட்டில் இந்தக் கதை வந்தது. அவர் எல்லார் முன்னாலும் பையனைப் பார்த்து, "அந்த டீமுல நம்ம ஆளு யாருடா இருக்கான்? எவனோ தோத்தா உனக்கென்ன? பரீட்சைக்கு இப்படி அழுதிருந்தா பரவாயில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று இரவு அவன் ஜெர்சியை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டான். நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சனிக்கிழமை இரவு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆட்டக்காரர்களை எல்லாரும் கண்டபடி திட்டினார்கள். நானும் ஓர் ஆட்டக்காரரின் குடும்பத்தை இழுத்து ஒன்று எழுதிவிட்டேன். காலையில் நீக்கிவிட்டேன். ஆனாலும் மனசு சரியில்லை.

உங்கள் தம்பி,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பெரியப்பா சொன்னதைப் பற்றியும் வாட்ஸ்அப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்." அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்கும் பதினோரு வயதில் இது நடந்தது. 1985, மெர்டேக்கா அரங்கம், மலேசியக் கிண்ண இறுதியாட்டம். கோலாலம்பூர் ஜொகூரிடம் தோற்றது. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அண்ணன்களுக்குப் பந்தில் ஆர்வம் கிடையாது, அதனால் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். பொம்பளைப் பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டு போகிறாயே என்று பாட்டி சண்டை போடும். அன்றைக்குத் தோற்று வெளியே வந்தபோது அப்பா எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. விளையாட்டுத்தானே என்றும் சொல்லவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. வாசலில் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருந்த அண்ணனிடம் இரண்டு பொட்டலம் வாங்கினார். அந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா அழுதிருச்சா?" என்று கேட்டு, என் பொட்டலத்தில் இன்னும் ஒரு கை கடலையைப் போட்டார். பஸ் பிடிக்கும் இடம் வரை கடலையைக் கொறித்துக்கொண்டே பேசாமல் நடந்தோம். அப்பா என் கூடவே சோகமாக இருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். பையன் அழுததைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு வாரம் நாள் எண்ணிக் காத்திருந்த பிள்ளைக்கு அது பெரிய இழப்புத்தான். நீங்களும் வருத்தப்பட்டீர்கள் என்று அவனுக்குத் தெரிகிறதா? கோபப்பட்டது தெரிந்திருக்கும். வருத்தப்பட்டதைச் சொன்னீர்களா?

அப்புறம் பெரியப்பா. பிள்ளையைச் சபையில் வைத்துக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் மனசில் இருப்பது வெறும் குத்தல் என்று ஒதுக்கவும் முடியவில்லை. அவர் வயதுக்காரர்கள் தேசிய அணியில் நம்மவர்கள் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள். 1980 ஏப்ரல் 6, இதே கோலாலம்பூரில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கம்பத்துக்குக் கீழே ஆர். ஆறுமுகம். நீளக் கைக்காரர், ஸ்பைடர்மேன் என்றுதான் ஊரே அழைத்தது. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு திடல் இருந்த காலம் அது. காலையில் பால் மரம் வெட்டி முடித்துவிட்டு, சாயங்காலம் வெறுங்காலோடு பந்தாடுவார்கள். என் அம்மா பிறந்த தோட்டத்தில் சம்பள நாளை விடப் பந்தாட்ட நாளில்தான் சனம் அதிகம் கூடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் ஃப்ளாட்டுகளுக்கு வந்த பிறகு அந்தத் திடல்கள் போயின. நம் பிள்ளைகள் ஏன் இப்போது அணிகளில் குறைவு என்று பெரியப்பா கேட்டால் நானும் அவரோடு சேர்ந்து கேட்பேன். அதைக் கேட்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. பதினோரு வயதுப் பையனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அதே 1980 அணியில் தலைவர் சோ சின் ஆன். தற்காப்பில் அவருக்குப் பக்கத்தில் சந்தோக் சிங். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் உள்ளே அடித்ததுதான் வெற்றி கோல். அப்பா அந்தக் கோலை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போது ஒரு தடவைகூட ஆறுமுகம் பிடித்த பந்தில் நிறுத்திக்கொண்டதில்லை, ஜேம்ஸ் வோங் வரை போய்த்தான் முடிப்பார். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததால் மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. அந்த வருத்தத்தையும் அப்பா எல்லாருக்கும் சேர்த்துத்தான் பட்டார்.

1987இல் கோலாலம்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது எங்கள் அணியில் ஃபாண்டி அகமதுவும் கே. கண்ணனும் இருந்தார்கள். இரண்டு பேரும் சிங்கப்பூர்க்காரர்கள். கண்ணன் தமிழர், சரி. ஆனால் கோலாலம்பூர்க்காரரா? பெரியப்பாவின் கணக்குப்படி அவர் நம்ம ஆளா இல்லையா? எங்கள் லயத்து வீடுகளில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நகரத்தின் ஜெர்சியைப் போட்டவன் நம்ம ஆள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இதைப் பையனிடம் கட்டாயம் சொல்லுங்கள். சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த அரங்கம் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டியது. அதற்கு முன்னால் அந்த வட்டாரம் ரப்பர் தோட்டம். புக்கிட் ஜாலில் தோட்டம் என்ற பெயரில் தமிழ்ப் பள்ளி இன்றும் அங்கே இருக்கிறது. தோட்டத்துச் சனங்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. நம் பாட்டன்மார்கள் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்த நிலம் அது. அங்கே உட்கார்ந்து தன் ஊர் அணிக்காக அழுத ஒரு தமிழ்ப் பிள்ளையிடம், உனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு மனசு ரொம்ப வலித்தது தம்பி.

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். நீக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தக் குழுவில் படித்தவர்கள் படித்தாயிற்று. முடிந்தால் அங்கேயே, நான் எழுதியது தவறு என்று ஒரு வரி போடுங்கள். பந்தை இழந்த இடத்தைச் சொல்லுங்கள், தற்காப்பு திறந்து கிடந்ததைச் சொல்லுங்கள், மாற்று ஆட்டக்காரரை இன்னும் சீக்கிரம் இறக்கியிருக்கலாம் என்று விடிய விடிய வாதாடுங்கள். டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆட்டக்காரரின் அம்மாவும் பெண்டாட்டியும் திடலில் இறங்கவில்லையே. அந்தப் பக்கமும் நன்றாக ஆடினார்கள் என்பதை அந்தக் குழுவில் யாராவது சொன்னார்களா? ஓமானிலிருந்து இந்தக் கிண்ணத்தை வென்ற முதல் அணி அல் சீப்.

அந்தக் கோபம் எனக்குத் தெரியாதது இல்லை. கோலாலம்பூர் மூன்றாம் பிரிவுக்கே இறங்கிய காலத்தில் நான் பேசாத பேச்சா? அப்பா அப்போதும் போய்க்கொண்டிருந்தார். ஆளில்லாத பெஞ்சில், குடையும் ஒரு ஃப்ளாஸ்க் தேநீருமாக. நான் திட்டினால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார். 1989க்கு அப்புறம் மறுபடியும் மலேசியக் கிண்ணம் வர 32 வருடம் ஆனது. 2021 நவம்பர் 30, ஜொகூர் டாருல் தாக்ஸிமை 2-0 என்று ஜெயித்த இரவு, நான் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அப்பா அதைப் பார்க்க இல்லை. உங்கள் பையன் பத்து வயதில் பார்த்துவிட்டான், நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த வரி.

1987, 88, 89 என்று மூன்று வருடமும் கோலாலம்பூர் கிண்ணத்தை வென்றபோது மூன்று இறுதியாட்டத்திலும் எதிரில் நின்றது ஒரே அணிதான், கெடா. மூன்றாவது தடவை அவர்கள் தோற்றபோது எனக்குப் பதினைந்து வயது. நாங்கள் இந்தப் பக்கம் குதித்துக்கொண்டிருந்தோம். அப்பா என் தோளைத் தொட்டு எதிர்ப்பக்கம் காட்டினார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூட்டம் எழுந்து போகாமல் அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வடக்கே போக வேண்டியவர்கள். தங்கள் ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் நடந்து வரும் வரை காத்திருந்து கைதட்டினார்கள். "அவங்களப் பாரு" என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம், 1990இல், கெடா கிண்ணத்தை வென்றது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கைதட்டல்தான் ஞாபகம் வந்தது.

தம்பி, உங்கள் பையன் எதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள். அவன் தோல்விக்காக மட்டும் அழவில்லை என்று நினைக்கிறேன். தன்னுடைய ஆட்கள் இன்னும் திடலில் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் கிளம்ப வேண்டி வந்தது. அவர்கள் தோற்று நிற்கும்போது கைதட்டத் தான் அங்கே இல்லை என்பதுதான் அவனைக் குளியலறைக் கதவைச் சாத்த வைத்ததோ என்னவோ. அதற்கு மேல் பெரியப்பா வேறு, அவர்கள் உன் ஆட்களே இல்லை என்று சொல்லிவிட்டார்.

ரயில் கூட்டத்துக்குப் பயந்து கிளம்பியது குற்றம் இல்லை. பண்டிகை நேரம், வீட்டில் கோபம், கையில் பிள்ளை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் பையனிடம் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று சொன்னால், "அப்பா அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன்டா" என்று சொல்லுங்கள். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்ல நம் ஆண்களுக்குக் கூச்சம் என்று தெரியும். சொல்லுங்கள்.

ஜெர்சியை நீங்களாக எடுத்து வெளியே வைக்காதீர்கள், அவனே எடுக்கட்டும். செராஸ் அரங்கத்தில் அடுத்த ஆட்டம் எப்போது என்று மட்டும் பார்த்து வையுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டக்காரர்கள் சுற்றி வந்து உள்ளே போகும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருங்கள். தேதி தெரிந்ததும் எனக்கும் எழுதுங்கள், நான் வருகிறேன். கச்சாங் பூத்தே விற்கிறவர்கள் இப்போது அங்கே வருகிறார்களா என்று தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் தேடிப் பார்த்து மூன்று பொட்டலம் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அக்கா