பயிற்சியா, நேரமா?

கேள்வி: அரசு பஸ் டிரைவர் நான். போன வருஷம் ஆட்டோவில் உரசிவிட்டேன். என்னைப் போல் ஆக்சிடெண்ட் செய்தவர்களை மட்டும் டிப்போவில் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு எங்களில் யாரும் இடிக்கவில்லை. பயிற்சியால்தான் என்கிறார் அதிகாரி. 'நேரம் சரியாச்சு, அவ்வளவுதான்' என்கிறார் கண்டக்டர். எது சரி ஐயா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: கண்டக்டரைச் சும்மா சொல்லக்கூடாது தம்பி, பாதி சரி. ஒரே டிரைவருக்கு வருஷா வருஷம் ஆக்சிடெண்ட் வராது. இடித்தவர்களாகப் பொறுக்கி எடுத்தால், பயிற்சி கொடுக்காவிட்டாலும் அடுத்த வருஷம் அவர்களில் பலர் இடிக்கப் போவதில்லை. அந்தக் குறைவையும் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமா? அதே பட்டியலில் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை இப்போது அனுப்பட்டும், மீதியை அடுத்த வருஷம். லட்சம் கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து என்று இரண்டு பக்கமும் பார்க்கட்டும். ஒரு டிப்போ போதாது. ஆரணி, குடியாத்தம், திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும்.

நான் இன்ஸ்ட்ரக்டராக இருந்தபோது கடைசி நாள் பரீட்சை வைப்போம். எல்லாருக்கும் நல்ல மார்க். பேப்பரில் எவன் ஓவர்டேக் செய்வான்! அதனால் பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிடுவேன். பாகாயம் வண்டி என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசல் ஒன்றே போதும். ஸ்கேன் கவரும் கையுமாக வெளியூர்க்காரர்கள் பார்க்காமலே ரோட்டில் இறங்குவார்கள். அங்கே கால் முன்கூட்டியே பிரேக்குக்குப் போகிறதா, ஹாரனை நம்பி வருகிறாரா? ஸ்டாப்பில் விசில் கேட்டதும் கியர் விழுகிறதா, கடைசிப் பாட்டி படியேறியதை இடது கண்ணாடியில் பார்த்த பிறகா? பயிற்சிக்கு முன்பும், சில மாதம் கழித்தும் இதைக் குறித்தால் பலன் தெரிந்துவிடும்.

ஸ்வீடனில் ஒரு தொலைபேசி நிறுவன ஓட்டுநர்களை வைத்து நடந்த ஆய்வு 1996-இல் வெளியானது. ஓட்டுநர் பயிற்சி, பிரசாரம், போனஸ், குழுவாகப் பேசுவது என்று தனித்தனியாகச் செய்துபார்த்து, எதுவும் செய்யாத குழுவோடு ஒப்பிட்டார்கள். உட்கார்ந்து பேசியவர்களிடம்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. நம் ஊரில் டீக்கடையில் நடக்கும் பேச்சுதான், டிப்போவுக்குள் வரவிட மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று. ஆக்சிடெண்டுக்குப் பிறகு உங்களை டவுன் வண்டியிலிருந்து எடுத்து, நெரிசல் குறைந்த ஒடுகத்தூர் பக்கம் போட்டார்களா? போட்டிருந்தால் கணக்கே வேறு. எழுதுங்கள்.