கடலும் கேள்வியும்

கேள்வி: பேரலை கப்பலை அடிப்பதைக் கணினியிலேயே செய்து பார்க்கிறார்களாம். என் கணவர் ஆழ்கடல் படகில் போகிறவர். “உப்புத் தண்ணீர் படாத பெட்டிக்கு அலையைப் பற்றி என்ன தெரியும்?” என்று சிரிக்கிறார்.
- வாசகி, வாழைச்சேனை

பதில்: அவர் சிரிக்கட்டும். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் இருந்த காலத்தில் நானும் சிரித்தவன்தான். மற்ற அலைகளைவிட இரண்டு மடங்கு உயர்ந்த ஓர் அலையைக் கண்டதாக முதிய மாலுமி ஒருவர் சொன்னபோது, சாராயம் பேசுகிறது என்றோம்.

பிறகு 1995 ஜனவரி 1 அன்று, வடகடலில் நோர்வேயின் ட்ராப்னர் எரிவாயு மேடையிலிருந்த லேசர் கருவி 25.6 மீற்றர் உயர அலையைப் பதிந்தது. அப்போது அங்கே பெரிய அலைகளின் சராசரி 12 மீற்றர்தான். கல்லடித் தென்னைகளே அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம்! கிழவர் பொய் சொல்லவில்லை.

பெட்டிக்கு அலை தெரியாது. நீர் நகரும் விதி தெரியும். கடலையும் அதன்மேல் உள்ள காற்றையும் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு, காற்று எவ்வளவு, எத்திசையில் எந்த வேகம் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு நொடியின் மிகச் சிறு பங்கு நகர்ந்து, மறுபடி முதலிலிருந்து. முழுக் கடலுக்கும் இப்படிச் செய்தால் எந்தக் கணினியும் திணறும். ஆகவே பரந்த கடலை எளிய கணக்கில் ஓடவிட்டு, மோசமான அலையைத் தேடிப் பிடித்து, கப்பலைச் சுற்றி மட்டும் நுணுக்கமாகக் கணக்கிடுகிறார்கள்.

சிக்கல் அலை உடையும் இடத்தில். ஒரு கன மீற்றர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல். அது அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், அறையும்போது அழுத்தம் மில்லிநொடிகளில் உச்சத்துக்கு ஏறி இறங்கிவிடும். நடுவில் சிக்கிய காற்று சில நேரம் மெத்தையாகவும் இருக்கும். இதைக் கணினி மட்டும் சொன்னால் நான் நம்பமாட்டேன். தொட்டியில் மாதிரிக் கப்பலை வைத்து அடித்துப் பார்த்து ஒப்பிட வேண்டும். எடின்பரோவின் வட்டத் தொட்டியில் ட்ராப்னர் அலையையே சிறிதாக்கி எழுப்பினார்கள். இரண்டு அலைத்தொகுதிகள் ஏறக்குறைய 120 பாகையில் குறுக்கிட்டபோதுதான் அது அந்த உயரத்துக்கு எழுந்தது.

அலை எப்போது வரும் என்று இந்தக் கணக்குச் சொல்லாது. அணியத்துத் தகடு எவ்வளவு தடிப்பாக வேண்டும், மேடையின் தளம் நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும்.

கேள்வி: 2004 ஆழிப்பேரலையும் இதே வகையா?
- மாணவன், கல்முனை

பதில்: இல்லை தம்பி. அது கடலடி நிலநடுக்கத்தால் பிறந்தது. ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு, நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அதனால்தான் அன்று காலை வெளிக்கடலில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரைக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது.